இடும்பாவனம் ரெண்டு டிக்கெட்

முத்துப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜாம்பவானோடை, தில்லைவளாகம், இடும்பாவனம், கற்பகநாதர்குளம். பங்குனி வெயிலுக்குத் துண்டை முக்காடாகப் போட்டிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். கூட வந்திருந்த அக்கா மகன் சென்னையில் கணினி வேலை பார்ப்பவர்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லடா. ஒரே மூச்சுல ராமாயணம், சிதம்பரம், பாரதம் எல்லாத்துக்கும் ஆள் கூப்பிடுறாரு பாரு."

மருமகனுக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது. வந்த காரணமே வேறு. அலையாத்திக் காட்டைப் பார்க்க வேண்டும், படகில் போய்ப் படம் எடுக்க வேண்டும், திரும்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். மாமாவின் பையில் ஒரு தேவாரத் தொகுதியும் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையும் இருந்தது திருவாரூர் ரயில் நிலையத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று போகும் இந்த ரயில் பாதைக்கே ஓர் இலக்கிய வரலாறு உண்டு. மீட்டர் கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து மாயவரம் வழியாக இதில் ஓடிய வண்டியின் பெயர் கம்பன் எக்ஸ்பிரஸ். கம்பன் பிறந்ததாகச் சொல்லப்படும் தேரழுந்தூர் மாயவரத்துக்குப் பக்கம். அவர் அடங்கியதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டை காரைக்குடிக்கு அந்தப் பக்கம். 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியது காரைக்குடியில். ஆக, ஒரு புலவரின் தொட்டிலிலிருந்து சமாதிவரை ராத்திரி முழுக்கக் கூவிக்கொண்டு போன வண்டி அது. டெல்டாக்காரர்கள் அதை அப்படி நினைத்து ஏறியிருக்க மாட்டார்கள். "கம்பன்ல டிக்கெட் இருக்கா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். மளிகைக் கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, துபாய் போகிறவரின் பெட்டி எல்லாவற்றோடும் கம்பன் புழங்கினான்.

அகலப் பாதைக்காக நின்றுபோன ரயில் திருவாரூர்வரை முழுதாகத் திரும்பி வந்தது 2019-இல். அப்போது கேட்டுக்குக் கேட் ஆள் இல்லை. முன்பெட்டியில் ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி கடக்கும், பின்பெட்டியில் வருகிறவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு அரை நாள் ஆனது. முதல் அங்கத்தில் திரை போடுகிறவரும் கடைசி அங்கத்தில் திரை தூக்குகிறவரும் ஒரே வண்டியில் பயணம் செய்த நாடகம் என்று ஆசிரியர் அதைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கோயிலூர். முத்துப்பேட்டையை ஒட்டிய ஊர், தேவாரத்தில் திருவுசாத்தானம். காவிரித் தென்கரைத் தலங்களில் 107-ஆவது. இறைவன் மந்திரபுரீசர். இலங்கைக்கு அணை கட்டப் புறப்பட்ட இராமன் அதற்கான மந்திரத்தை இங்கே கேட்டுப் பெற்றான் என்பது தல வரலாறு. தல வரலாறுகளை அப்படியே நம்ப வேண்டுமென்பதில்லை. அவற்றுள் பல பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தவை. ஆனால் இந்த ஊர் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இவ்வூருக்குப் பாடிய பதிகத்தின் தொடக்கத்திலேயே இராமன், தம்பி இலக்குவன், சாம்புவான், சுக்கிரீவன், அனுமன் எல்லோரும் வந்து வணங்கியதாகச் சொல்லிவிடுகிறார்.

சம்பந்தர் பதிகங்களைப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். எட்டாம் பாட்டில் இராவணன் வருவது அவருடைய வழக்கம். கயிலையைத் தூக்குவான், விரலால் அழுத்தப்படுவான், அழுது பாடி அருள் பெறுவான். எதிரணி முழுவதும் படையோடு வந்து முதல் பாட்டில் நிற்பது அரிது. கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம், கடலுக்கு அப்பால் இலங்கை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் நின்றவர்களுக்கு இராமாயணம் தங்கள் ஊர்க் கதையாகப் பட்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பதிகமே சாட்சி. கம்பனுக்குப் பல நூற்றாண்டு முந்தைய சாட்சி.

சம்பந்தர் சாம்புவான் என்கிறார். பேருந்து ஜாம்பவானோடை என்கிறது. பக்கத்து ஊர்.

அந்த ஊரின் புகழ் இன்று தர்காவால். ஹக்கீம் செய்கு தாவூது காமில் வலியுல்லாஹ் அடங்கியிருக்கும் தலம். ஹக்கீம் என்றால் வைத்தியர். நோய் தீர வேண்டி எல்லா மதத்தாரும் வருகிறார்கள், தங்குகிறார்கள், கந்தூரிக்குக் கூட்டம் தாங்காது. கரடி வேந்தனின் பெயரைச் சுமக்கும் ஊரில் ஓர் இறைநேசர். இருவருக்கும் மருந்தில் ஒரு தொடர்பு இருக்கிறதே என்றார் ஆசிரியர். போர்க்களத்தில் வீழ்ந்தவர்களை எழுப்ப எந்த மலையில் எந்த மூலிகை என்று அனுமனுக்கு வழி சொன்னது சாம்பவான்தானே. இது ஆசிரியரின் சொந்தக் கற்பனை, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாசலில் சர்க்கரையும் பூவும் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "பேரு பேருதான் தம்பி, யாரு வச்சா என்ன?" என்றார். ஆசிரியருக்கு எழுபதை நெருங்கும் வயது. தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"சீறாப்புராணம் படிச்சிருக்கீங்களா பாய்?"

"படிச்சதில்ல. எங்க நன்னி ராகம் போட்டுப் படிப்பாங்க, கேட்டிருக்கேன்."

உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்கள். நபிகளின் வாழ்வைப் பாடவந்த அவர் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டுக்கே மழை பெய்வித்து, ஆறு ஓடவிட்டு, உழுது நாற்று நட்டுவிடுகிறார். மணல் நாட்டில் மருதத் திணை! காப்பியம் என்றால் நாட்டுப்படலத்தில் வயல் இருந்தாக வேண்டும் என்பது தமிழ் மரபு. அவர் அதை விடவில்லை. நாடகத்திலும் அப்படியே. வண்ணக்களஞ்சியப் புலவரின் அலிபாதுஷா நாடகம், வள்ளல் சீதக்காதியைப் பாடும் நொண்டி நாடகம் என்று தமிழ் மேடைக்கு முஸ்லிம் புலவர்கள் எழுதிக் கொடுத்தவை ஒரு வரிசை. திருடிக் காலிழந்த ஒருவன் மேடைக்கு நொண்டியபடி வந்து, தன் கதையைத் தானே ஆடிப்பாடிச் சொல்லித் திருந்துவதுதான் நொண்டி நாடகம். பழனிக்கும் திருச்செந்தூருக்கும் எழுதப்பட்ட அதே உருவத்தில் கீழக்கரை வள்ளலுக்கும் ஒன்று. நாடகத் தமிழின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவது வழக்கம். அது சரியில்லை.

மதியத்துக்கு மேல் படகு. கோரையாற்றில் இறங்கிக் காட்டுக்குள் போக வேண்டும். பாமனி, கோரை, கிளைதாங்கி, மரைக்காக்கோரை என்று காவிரியின் கடைசிக் கால்கள் சேற்றோடு வந்து சேருமிடம் இது. தஞ்சை வயல்களில் வடிந்த தண்ணீர் எல்லாம் இங்கேதான் உப்பை முதன்முதலாக ருசி பார்க்கிறது. ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் காப்புக்காடு. மரங்களில் பெரும்பாலானவை அலையாத்தி. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல் நீட்டியதுபோல் மூச்சு வேர்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தக் காடும் அடிவாங்கியது, சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. படகுக்காரர் எதைப் பேசினாலும் "கஜாக்கு முந்தி", "கஜாக்கு அப்பறம்" என்றுதான் காலத்தைப் பிரித்தார்.

கரையோரம் முள் இலையும் நீலப் பூவுமாக ஒரு புதர்.

"இது என்னண்ணே?" என்றார் மருமகன்.

"கழுத முள்ளி சார்."

ஆசிரியர் குறுந்தொகையை எடுத்தார். கழிமுள்ளி என்றும் கழுதைமுள்ளி என்றும் வழங்கும் இந்தச் செடியைத்தான் சங்க இலக்கியத்து முண்டகம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். சங்கச் செடிகொடிகளைத் தாவரவியலோடு ஒப்பிட்டு எழுதிய பி.எல். சாமியின் நூல் இத்தகைய பயணங்களுக்குப் பெரிய துணை. குறுந்தொகை 49-ஆம் பாட்டில் அம்மூவனார் முண்டகத்துக்கு அணிலின் பல்லை உவமை சொல்லியிருக்கிறார். படகு நின்றது. மருமகன் ஓர் இலையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து, "ஆமா மாமா, பல்லுதான்" என்றார். உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா. 1937-இல் குறுந்தொகையை உரையோடு அச்சிட்ட பிறகு எத்தனையோ மாணவர்கள் தேர்வுக்காக இந்த உவமையை மனப்பாடம் செய்திருப்பார்கள். செடியைப் பார்த்தவர்கள் குறைவு. செடியைத் தினமும் பார்க்கிற படகுக்காரருக்கு முண்டகம் என்ற சொல் புதிது. "நல்லாருக்கு பேரு, கழுதைக்கு இது எவ்வளவோ தேவல" என்றார்.

கொஞ்ச தூரத்தில் அவரே எச்சரித்தார். "அந்த மரத்துல கை வச்சிராதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வ போயிரும்."

அதுதான் தில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் ஒன்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். ஆடவல்லான் கூத்தாடிய தில்லைவனம் இந்த மரத்தின் காடு. இன்று சிதம்பர நகரத்துத் தெருக்களில் தில்லையைத் தேடினால் கிடைக்காது, பிச்சாவரம்வரை போக வேண்டும். உலகம் முழுவதும் அருங்காட்சியகங்களில் நிற்கும் நடராசர் செப்புத் திருமேனிகளுக்குப் பின்னணி, கண்ணைக் குருடாக்கும் பால் வடியும் இந்தச் சதுப்பு மரம் என்பதை மருமகன் கொஞ்சநேரம் நம்பவில்லை. அழகான ஏதோ பூமரம் என்று நினைத்திருந்தாராம்.

இந்தக் காட்டுக்கும் தஞ்சை அரண்மனை நாடகங்களுக்கும்கூட ஒரு கணக்கு வழக்கு உண்டு. மராத்தியர் காலத்தில் முத்துப்பேட்டைக் காட்டின் வருவாய் சத்திரங்களின் செலவுக்குப் போனது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட சத்திரங்கள். இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. அதே சரபோஜியின் பெயரில்தான் தேவேந்திரக் குறவஞ்சி என்று மராத்தியில் ஒரு நாடகம் இருக்கிறது. குறவஞ்சி என்றால் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வாள், தன் மலைவளம் பாடுவாள். இந்தக் குறத்தி பாடுவது உலகப் பூகோளம்! கண்டங்களையும் நாடுகளையும் சந்தத்தில் சொல்லிக்கொண்டு போகிறாள். சரபோஜிக்கு நூறாண்டு முந்திய தஞ்சை மன்னர் ஷாஜி, திருவாரூர்த் தியாகேசர் மேல் பல்லக்கு சேவைப் பிரபந்தத்தைத் தெலுங்கிலும், ஐந்து மொழிகள் கலந்து பஞ்சபாஷா விலாசத்தையும் எழுதியவர். மராத்தி மேடையின் தொடக்கமாக மகாராட்டிரத்தில் 1843-ஆம் ஆண்டுச் சாங்கிலி நாடகத்தைச் சொல்வார்கள். தஞ்சாவூரில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே மராத்தியில் நாடகங்கள் எழுதப்பட்டிருந்தன, அவற்றின் சுவடிகள் சரசுவதி மகாலில் உள்ளன. மாமா இதைச் சொல்லி முடிப்பதற்குள் படகு காயலுக்கு வந்துவிட்டது. திறந்த நீர்ப்பரப்பைப் பார்த்ததும் மருமகன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

மறுநாள் தில்லைவிளாகம். எழுதுவது அப்படி, சொல்வது தில்லைவளாகம். கோதண்டராமர் கோயிலில் செம்பாலான இராமர் நிற்கிறார். வில்லேந்திய கையில் நரம்பு ஓடுவது தெரிகிறது, நகக்கண் தெரிகிறது. வார்த்தவர் யாரோ, பெயர் இல்லை. தீபாராதனைத் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து நரம்பைக் காட்டுவதே இங்கே வழிபாட்டில் ஒரு பகுதிபோல் ஆகிவிட்டது. பக்கத்திலேயே நடராசருக்கும் கோயில் உண்டு. தில்லை என்று பெயர் வைத்தால் ஆடுகிறவரைக் கூப்பிடாமல் எப்படி? இந்த ஊரின் பெயரைத் தாங்கிய சின்ன ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் ஒரு காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் போய்வந்தது.

அங்கிருந்து இடும்பாவனம், ரெண்டு டிக்கெட். வீமன் இடும்பியை மணந்த வனம் என்கிறார்கள். சற்குணநாதர் கோயில், இதுவும் சம்பந்தர் பாடியது. ஊரில் வனம் ஏதும் இல்லை. தென்னை, மாட்டுக்கொட்டகை, கைப்பேசிக் கோபுரம். தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்ததைத் தவிர இங்கே சொல்ல அதிகமில்லை. இதே சாலையில் மேலும் கிழக்கே போனால் வேதாரண்யம், கோடியக்கரை. வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கிப் பூங்குழலி மீட்கும் இடத்தைத் தேடிப் பொன்னியின் செல்வன் வாசகர்கள் இன்றும் வருகிறார்கள். கல்கி 1950-இல் தொடங்கிய தொடர் அது. முத்துப்பேட்டைச் சதுப்பில் முழங்கால்வரை ஒருமுறை இறங்கியவர்களுக்கு அந்த அத்தியாயம் கற்பனையாகத் தோன்றாது.

தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் பயணத்தை ஒரு ராத்திரி நீட்டியது. பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் திருவிழா, இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம் நாடகம். நடிகர்களின் படம், எந்த ஊர், யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், யார் பபூன், ஆர்மோனியம் யார் என்று எல்லாம் போட்டிருந்தது.

வள்ளி திருமணம் உள்ளிட்ட நாடகங்களைத் தமிழில் புதிதாக எழுதிப் பயிற்றுவித்த தூத்துக்குடிச் சீமைக்காரர் சங்கரதாஸ் சுவாமிகள். பிறப்பு 1867, மறைவு 1922. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் வளர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். கம்பெனி நாடகங்கள் போய்விட்டன. சுவாமிகளின் வள்ளி திருமணம் போகவில்லை. இப்போது நடப்பது ஸ்பெஷல் நாடகம். நடிகர்கள் ஒரு குழுவாக இருப்பதில்லை. முருகன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், தனித்தனியே முன்பணம் வாங்கித் தனித்தனியே பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. பாட்டும் கட்டமும் எல்லோருக்கும் தெரியும், மீதி மேடையில் பார்த்துக்கொள்வது. மேற்கத்திய நாடகப் பள்ளிகளில் நடிகனை மேடையிலேயே இட்டுக்கட்டச் சொல்லிப் பயிற்சி தருகிறார்கள். இங்கே அது நாடகக்காரர்களின் அன்றாட வேலை.

பந்தலில் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் செலவுக் கணக்கைச் சொன்னார். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நாடகத்துக்கு வசூல். ஆசிரியர் உடனே தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்விட்டார். இரண்டாம் இராஜேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் ஆட, திருவாலன் திருமுதுகுன்றன் என்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல். நடிகனின் பெயர் இருக்கிறது, கூலி இருக்கிறது, நாடகம் மட்டும் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. நெல்லை அளந்து எழுதியவர்கள் வசனத்தை எழுதிவைக்கவில்லை.

பன்னிரண்டு மணிவரை பபூன். சிரிப்பில் பாதி குழந்தைகளுக்கு ஆகாதது, குழந்தைகள்தான் முன்வரிசையில். தாளம் வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரர் ஒவ்வொரு நக்கலுக்கும் ஓர் அடி போட்டார். பிறகு வள்ளி தினைப்புனம் காக்க வந்தாள். தினை விளைந்து பார்த்திராத ஊரில் ஆலோலம் பாடித் தினைக்குருவி ஓட்டினாள், யாருக்கும் உறுத்தவில்லை. அதன்பின் நாரதர். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் என்பதே இந்த நாடகத்தின் உயிர். கேள்வி, எதிர்க்கேள்வி, குறள், பழமொழி, அரசியல், மின்வெட்டு, எல்லாம் வரும். இங்கிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த பாடலாசிரியர் கல்யாணசுந்தரமும் சினிமாவுக்கு முன் சக்தி நாடக சபா மேடையில் நின்றவர். 29 வயதில் 1959-இல் போய்ச் சேர்ந்தவர். சாதாரணப் பேச்சைச் சந்தத்தில் நிறுத்தி ஒரு கேள்வியாக்கும் அவருடைய கைவாகுக்கு இதுபோன்ற மேடைகளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று மணி வாக்கில் நாரதர் உள்ளூர்ப் பெருமை பேசினார். இராமன் மந்திரம் பெற்ற கோயிலூரையும் அங்கே வந்த சாம்பவானையும் கம்பனே பாடியிருக்கிறான் என்றார். கைதட்டல். ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேணாம் மாமா."

விடிந்ததும் அவர் மேடைக்குப் பின்னால் போய்விட்டார். நாரதர் தேங்காய் எண்ணெய் தடவி முகத்து ரோஸ் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. முதல் பேருந்து வரும் நேரம்.

"ஐயா, நல்லா பண்ணீங்க. ஆனா அது கம்பன் இல்லீங்க. சம்பந்தர்."

"சம்பந்தரா? எந்தப் பதிகம்?"

"மூணாம் திருமுறை."

நாரதர் பாதி துடைத்த முகத்தோடு பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். நாடக நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "ராகம் என்னங்கய்யா? பண்ணு என்ன? ஒருக்கா சொல்லுங்க." ஆசிரியர் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். சாலையில் பேருந்து வந்து நின்று ஒலி எழுப்பியது. நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டார். வள்ளி ஏறிவிட்டாள். முருகன் ஏறி ஜன்னலோரம் தூங்கத் தொடங்கிவிட்டார். நாரதர் திரும்பிப் பார்க்கவில்லை.